கௌகோவின் இடது கை

...தோளில் இல்லை, தோளுக்கும் உள்ளே, எலும்பு உட்கார்ந்திருக்கிற குழிக்குள் உப்புத்தாளை மடித்து வைத்துத் தேய்க்கிற மாதிரி வலி, காலை ஷிஃப்டில் முதல் காபி இடைவேளைக்கு முன்னாலேயே ஆரம்பித்துவிட்டது, இரண்டு மணிக்கு மரமில் கேட்டைத் தாண்டும்போது வலது கை தன் கை மாதிரியே இல்லை, யாரோ கொஞ்ச நேரம் பிடித்துக்கொள் என்று தந்துவிட்டுப் போன ஈரப்பலகை மாதிரித் தொங்கியது, நேராக வீட்டுக்குப் போய் இடது பக்கமாகச் சாய்ந்து படுத்திருக்க வேண்டும், இந்நேரம் மிர்யா உருளைக்கிழங்கை வேகவைத்து வடித்திருப்பாள், புருஷன் எங்கே என்று ஜன்னலைப் பார்த்துவிட்டுத் தான் மட்டும் சாப்பிட்டிருப்பாள்... அதைச் செய்யாமல் இல்போ ஐஸ் ஹாக்கி அரங்குக்குப் பின்னால், காடு தொடங்குகிற இடத்தில், பிளாஸ்டிக் தட்டு எறிய வந்து நிற்கிறான், ஐம்பத்தேழு வயதில். எறி, நட, விழுந்த இடத்தில் நின்று மறுபடி எறி, சங்கிலி தொங்குகிற இரும்புக் கூடைக்குள் விழும்வரை எறி, விழுந்ததும் அடுத்த தடம், மொத்தம் பதினெட்டுத் தடம், குறைவாக எறிந்தவன் ஜெயித்தான். நகராட்சித் திடல், யாரும் டிக்கெட் கேட்பதில்லை, இந்தத் தோளை வைத்துக்கொண்டு எதற்கு வந்தாய் என்று கேட்கவும் ஆளில்லை. மில்லில் கூட வேலை பார்க்கிற கௌகோ கூப்பிட்டான். செய்தியில் மூன்றே மூன்று வார்த்தை, நாலு மணி, திடல். மார்ச்சுக்குப் பிறகு இதுதான் முதல் தடவை, கௌகோ கூப்பிட்டு வராமல் இருக்க இந்த வருஷம் இல்போவால் முடியாது, அதுவும் இன்றைக்கு முடியவே முடியாது, இன்றைக்குள் அவனிடம் ஒன்று சொல்லியாக வேண்டும்.

கௌகோ முதல் தடத்தின் எறிமேடையில் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தான், சைக்கிள் பைன் மரத்தில் சாய்ந்திருந்தது, மேலுதட்டுக்கடியில் புகையிலைப் பொட்டலம், வலது கை ஜாக்கெட் பைக்குள். ஆகஸ்ட் கடைசி, வெயில் இன்னும் மிச்சமிருக்கிறது, எவனும் ஜாக்கெட் போடுகிற நாளில்லை. "வந்துட்டியா கிழட்டுக் கரடி, தூங்கிப் போயிட்டேன்னு நெனச்சேன்." "தூங்கிருக்கணும்." "மூஞ்சியப் பாத்தாலே தெரியுது, நீயே எறி மொதல்ல, நான் கத்துக்குட்டி." இல்போ எறிந்தான், தோள் ஒருதடவை பளிச்சென்று வெட்டியது, தட்டு பாதித் தூரம் போய்ச் சோர்ந்து விழுந்தது, பரவாயில்லை, நேராகத்தான் விழுந்தது. பிறகு கௌகோ மேடையேறினான், பார்க்கக்கூடாது என்று நினைத்தும் பார்த்தான், இருபது வருஷமாக வலது கையால் எறிந்த ஆள், மில்லில் அவனளவுக்கு எறிய ஆளில்லை, இப்போது கால்களை எங்கே வைப்பது என்று தெரியாமல் இரண்டு தடவை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தான், கண்ணாடியில் தன்னைப் பார்த்துச் சவரம் செய்கிறவன் எந்தப் பக்கம் எந்தப் பக்கம் என்று தடுமாறுகிற மாதிரி, பிறகு இடது கையை இழுத்து விட்டான், தட்டு பக்கத்திலிருந்த பிர்ச் மரத்தில் அடித்து அவன் காலடிக்கே திரும்பி வந்தது. "இந்தக் கை இத்தன வருஷமா சும்மாவே சம்பளம் வாங்கிட்டிருந்துச்சு," என்றான் கௌகோ, "இப்ப வேல குடுத்தா மொறைக்குது." குனிந்து எடுத்துக்கொண்டு நடந்தபடி சொன்னான், "தட்டு எறியப் பழகிட்டா லீவர் தானா வந்துடும்டா. மில்லு கேபின்ல என் நாற்காலிக்கு வலது பக்கம் இருக்கிற லீவரக் கழட்டி இடது பக்கம் மாட்டணும், நாலு போல்ட்டு, அவ்ளோதான் சமாச்சாரம். அக்டோபருக்குள்ள கை பழகிடும். ஹெய்னிகிட்ட பேசணும்."

ஹெய்னியிடம் பேசணும்... ஹெய்னி நேற்றே பேசிவிட்டாள், இல்போவிடம். முப்பத்தைந்து வயது ஃபோர்மேன், நல்ல பெண், கெட்டவள் என்று சொல்ல ஒன்றுமில்லை, அதுதான் கஷ்டம், கெட்டவளாக இருந்தால் திட்டிவிட்டுத் தூங்கலாம். காபி அறையில் கதவைச் சாத்திவிட்டு உட்கார வைத்தாள். உங்க தோள் பத்தி டாக்டர் எழுதினதப் பாத்தேன், ஆபரேஷன் செஞ்சாலும் இனிமே பலகை புரட்ட முடியாதுன்னு இருக்கு, தளத்துல உங்கள வச்சிருக்க எனக்கு வழியில்ல, ஆனா கேபின் நாற்காலி இருக்கு, கண்ணாடிக்குப் பின்னால உக்காந்து லீவரத் தட்டற வேல, அது உங்களால முடியும். அது கௌகோவோட நாற்காலி என்றான் இல்போ. தெரியும், என்றாள், நீங்க வேண்டாம்னு சொன்னா வருஷக் கடைசி வரைக்கும் தற்காலிகமா ஆள் போட்டு ஓட்டறேன், கௌகோ தேறி வராரான்னு பாக்கலாம், நீங்க சரின்னு சொன்னா நாற்காலி உங்களுக்கு, கௌகோவுக்கு நான் எழுதிடறேன், வெள்ளிக்கிழமை காலைல சொல்லுங்க. அவனுக்கு நீங்க எழுத வேண்டாம், நான் சொல்லிக்கிறேன் என்று எதற்குச் சொன்னான், வாய் ஏன் அவ்வளவு வேகமாக ஓடியது, நேற்றிலிருந்து யோசிக்கிறான். நாளைக்கு வெள்ளிக்கிழமை. தளமும் போய், நாற்காலியும் இல்லையென்றால் இல்போ எங்கே போவான், இந்த ஊரில் மில்லைத் தவிர இருப்பது பலசரக்குக் கடையும் முதியோர் இல்லமும்தான், முதியோர் இல்லத்தில் வேலைக்கு எடுக்கமாட்டார்கள், இன்னும் பத்து வருஷம் போனால் உள்ளே படுக்க எடுப்பார்கள்... போன சனிக்கிழமை சௌனா நீராவிக் குளியலறையில் சூடான கல்லின்மேல் தண்ணீர் ஊற்ற அகப்பையைத் தூக்க முடியவில்லை, மிர்யா கையிலிருந்து வாங்கி அவள் ஊற்றினாள், ஆவி எழும்பி முகத்தை மறைத்தது நல்லதாகப் போயிற்று.

ஆறாவது தடத்தில் அந்த முட்டாள்தனத்தைச் செய்தான். முந்தின தடத்தில் குறைவாக எறிந்தவன் அடுத்த தடத்தில் முதலில் எறிய வேண்டும், அது மரியாதை, இந்த ஆட்டத்தில் இருக்கிற ஒரே மரியாதை அதுதான், இருபது வருஷமாக அது கௌகோவுடையதாக இருந்தது, இல்போ எப்போதும் இரண்டாவது, அவன் முதுகைப் பார்த்துப் பழகிய ஆள், இன்றைக்கு ஒவ்வொரு மேடையிலும் கௌகோ ஒதுங்கி நின்று, ம், ஏறு என்கிறபோது இல்போவுக்கு அது தன் இடமாகப் படவில்லை. அதனால் ஆறாவது கூடைக்கு நாலு எட்டுத் தூரத்தில் நின்று, சும்மா போட்டாலே விழுகிற எறியை, கம்பத்துக்கு வெளியே விட்டான். தட்டு உருண்டு பள்ளத்தில் போய் நின்றது. "என்னடா அது?" என்றான் கௌகோ. "தோள்." "தோளா. பால்குடி மறக்காத புள்ளகூட போடும், அதுக்குத் தோள் எதுக்குடா?" இல்போ குனிந்து தட்டை எடுக்கிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டான். "இங்க பாரு, இன்னொரு தடவ வேணும்னே விட்டேன்னு வையி, சைக்கிள எடுத்துட்டுப் போய்க்கிட்டே இருப்பேன். ஆஸ்பத்திரில நர்ஸ் விட்டுக் குடுத்தா, வீட்ல ஐலா விட்டுக் குடுக்கறா, ரொட்டிக்கு வெண்ணெய்கூட அவதான் தடவறா, அக்காவ என்ன சொல்ல முடியும். நீயாவது ஒழுங்கா ஆடு." தப்பவிட்டும் இருவருக்கும் சமம்தான் வந்தது, சமமானால் பழைய வரிசைதான், மறுபடி இல்போதான் முதலில் ஏறினான், வெட்கம் கெட்ட காரியத்தைச் செய்தும் கிடைத்தது ஒன்றுமில்லை.

காட்டுக்குள் போகப் போக மான் ஈ தொந்தரவு, தலைமுடிக்குள் இறங்கி இறக்கையை உதிர்த்துவிட்டு ஊருகிற சனியன், இந்த மாதத்தில் காட்டுக்குள் வருகிறவனுக்கு எழுதி வைத்தது, இல்போ இடது கையால் பிடரியைத் தடவி ஒன்றை நகத்தால் நசுக்கினான், கௌகோவின் தொப்பியில் இரண்டு ஊர்கிறது, சொல்லலாமா, அவனுக்கு அதை எடுக்க இடது கையிலிருக்கும் தட்டைக் கீழே வைக்க வேண்டும், அல்லது வலது கையை வெளியே எடுக்க வேண்டும், சொல்லவில்லை. இந்த எட்டாவது தடம்தான் மார்ச்சில் விளக்குப் போட்டு ஆடிய தடம், பனிச்சறுக்குப் பாதை விளக்குகள் குறுக்கே போகிற இடம், பனி முழங்காலளவு, தட்டு பனிக்குள் புதைந்தால் தெரிய வேண்டும் என்று எல்லோரும் தட்டின் அடியில் சிவப்பு ரிப்பனை ஒட்டியிருந்தார்கள், எறிந்தால் வால் முளைத்த மாதிரிப் பறக்கும். குளிர்காலப் பந்தயத்தின் கடைசிச் செவ்வாய், ஆட்டம் நள்ளிரவுவரை போகும், இல்போ மூன்றாவது இடத்தில் இருந்தான், வாழ்க்கையில் முதல் தடவையாக மேலே இருந்தான், அன்றைக்குப் பார்த்து அவனுக்கு இரவு ஷிஃப்ட். கௌகோவிடம் கேட்டான், எனக்காக ராத்திரி தளத்துல நிக்கிறியா. கௌகோ கேபினில் உட்காருவதற்கு முன்னால் பத்து வருஷம் தளத்தில் நின்றவன், அவனுக்கு அது பெரிய விஷயமில்லை. நின்னுடறேன், என்றான், ஆனா அக்டோபர்ல கடமான் வேட்ட ஆரம்பிக்கிற சனிக்கிழமைக்கு முந்தின ராத்திரி என் ஷிஃப்ட நீ பாக்கணும், ஒவ்வொரு வருஷமும் அந்த ராத்திரி எனக்கு ஷிஃப்ட் விழுது, விடியற்காலைல காட்டுல கொட்டாவி விட்டுட்டு நிக்கிறேன். சரி என்றான் இல்போ, அப்படித்தான் மில்லில் எல்லோரும் மாற்றிக்கொள்கிறார்கள், எழுதி வைப்பதில்லை, ஷிஃப்டுக்கு ஷிஃப்ட். அன்றிரவு ஒரு பலகை குறுக்கே விழுந்து இழுவைச் சங்கிலி நின்றது, கௌகோ வலது கையை உள்ளே விட்டு இழுத்தான், பலகை விடுபட்டதும் சங்கிலி நகர்ந்தது. மூன்று விரல். கட்டைவிரலும் சுண்டுவிரலும் மிச்சம். அதே நேரத்தில் இல்போ இங்கே, இந்த விளக்குக்குக் கீழே, ரிப்பன் ஒட்டிய தட்டை எறிந்துகொண்டிருந்தான், மூன்றாவதாகவே முடித்தான், பரிசு ஒரு பொட்டலம் காபித்தூள். இன்னும் அலமாரியில் பிரிக்காமல் இருக்கிறது. மிர்யா ஒருதடவை அதை எடுக்கப் போனாள், அவன் முகத்தைப் பார்த்துவிட்டு மறுபடி வைத்துவிட்டாள், கடைக்குப் போய் வேறு வாங்கிவந்தாள். எவனும் இல்போவை ஒரு வார்த்தை சொல்லவில்லை, விசாரணையில் யார் தவறும் இல்லை என்று முடித்தார்கள், கௌகோவும் சொல்லவில்லை, அதுதான்... யாராவது சொல்லியிருந்தால் நாலு வார்த்தை திருப்பிப் பேசியிருப்பான்.

ஒன்பதாவது மேடையில் பின்னாலிருந்து இரண்டு இளம்பெண்கள் வந்து நின்றார்கள், வேகமான ஆட்டக்காரிகள், பெரிய பை, நல்ல காலணி. பின்னால் வருகிறவர் வேகமானவர் என்றால் வழிவிட வேண்டும், "போங்க போங்க, நாங்க கெழவனுங்க, இருட்டறதுக்குள்ள முடிச்சா போதும்," என்றான் கௌகோ, சிரித்துக்கொண்டுதான் சொன்னான், ஆனால் போன வருஷம்வரை வழி வாங்கிப் போனவர்கள் இல்போவும் கௌகோவும்தான், முன்னால் போகிறவர்கள் ஒதுங்கி நிற்பார்கள், கௌகோ தொப்பியைத் தொட்டுவிட்டுப் போவான். முதல் பெண் எறிந்தாள், தட்டு மரங்களுக்கு நடுவே கயிறு கட்டி இழுத்த மாதிரிப் போயிற்று. கௌகோ மெதுவாக விசில் அடித்தான். "நீங்க இடதுகையா?" என்று கேட்டாள் இரண்டாவது பெண், அவன் இடது கையில் தட்டைப் பார்த்துவிட்டு, "இந்தத் தடம் இடதுகைக்காரங்களுக்கு ரொம்பத் தோதா இருக்கும், வளைவு உங்க பக்கம். எனக்குப் பொறாமையா இருக்கு." "ஆமாம்மா," என்றான் கௌகோ, "பொறந்ததுலேருந்து இடதுகைதான்." பெண்கள் போன பிறகு தூரத்தில் கூடையில் சங்கிலி குலுங்குகிற சத்தம் கேட்டது, அந்தச் சத்தத்துக்கு இல்போவின் தோள் தானாகத் தூக்கிப்போட்டது, இன்றைக்கு முதல் தடவை இல்லை, ஒவ்வொரு கூடையிலும் இப்படித்தான், எத்தனை வருஷமாகக் கேட்கிற நல்ல சத்தம், விழுந்துவிட்டது என்று சொல்கிற சத்தம், கௌகோ அசையவே இல்லை, அவனுக்கு அது வெறும் கூடைச் சத்தம்தான், விரல் போனவன் நிம்மதியாக நிற்கிறான், விரல் இருக்கிறவன் குலுங்குகிறான், இது என்ன நியாயம்.

இப்போது சொல்லிவிடலாமா. பத்தாவது தடத்தில் நினைத்தான், அந்தப் பாறை வந்ததும் சொல்லலாம், பாறை வந்தது, கௌகோ தெர்மாஸைத் திறந்து மூடியில் காபி ஊற்றித் தந்தான், தெர்மாஸை முழங்கால்களுக்கிடையில் இடுக்கிக்கொண்டு இடது கையால் திருகினான், எவ்வளவு சுலபமாகச் செய்கிறான், இதையெல்லாம் தனியாகப் பழகியிருக்கிறான், யாரும் பார்க்காமல் சமையலறையில் பழகியிருப்பான், கொட்டியிருப்பான், துடைத்திருப்பான். காபியைக் குடித்துவிட்டுச் சொல்லலாம் என்று நினைத்தான், காபி தீர்ந்தது. நாற்காலியை வேண்டாமென்று சொல்லிவிட்டால் சொல்லவே வேண்டியதில்லை... வேண்டாமென்று சொல்லிவிட்டால் கணக்கு முடிந்தது, அவன் எனக்காக ஒரு ராத்திரி நின்றான், நான் அவனுக்காக ஒரு நாற்காலியை விட்டேன், சமம், அதற்கு மேல் யாருக்கும் யாரும் ஒன்றும் தர வேண்டாம், தோள் போகட்டும். தோள் போகட்டும் என்று நினைத்த அந்த நிமிஷமே தோள் வலித்தது, உள்ளேயிருந்து பதில் சொல்கிற மாதிரி.

பதினோராவது தடத்தில் கௌகோவின் ஆரஞ்சுத் தட்டு தொலைந்தது. நீளமான எறி, முதல் தடவையாகக் கொஞ்சம் வேகம் பிடித்துப் போனது, போய் மரங்களுக்குப் பின்னால் மறைந்தது. யார் தட்டு தொலைந்தாலும் கூட ஆடுகிறவனும் தேட வேண்டும், அது விதி, இல்போ பையை இறக்கிவைத்துவிட்டு இடது பக்கத்துப் புதருக்குள் இறங்கினான், பில்பெரிச் செடி முழங்காலுக்கு, பழம் எல்லாம் பழுத்து நசுங்குகிறது, காலணி ஊதாவாகிறது, குனியக் குனிய ரத்தம் தோளுக்கு இறங்கி வலி துடிக்கிறது, இந்தச் சரிவில்தான் அவன் தட்டு எப்போதும் விழும், கடைசியில் வேகம் குறையும்போது இடது பக்கம் சாயும், எத்தனை தடவை இந்தச் சரிவில் தேடியிருக்கிறோம், இந்த உளுத்துப்போன கட்டைக்குப் பின்னால் ஒருமுறை, அந்தக் குழிக்குள் ஒருமுறை... காலால் செடியை விலக்கி விலக்கிப் பார்த்தான், மூச்சு வாங்கியது, இன்னும் கொஞ்சம் கீழே இருக்கும், இன்னும் கொஞ்சம், அவனுக்குப் பிடித்த தட்டு, அதையாவது கண்டுபிடித்துக் கையில் கொடுத்துவிட வேண்டும். நிமிர்ந்தபோது கௌகோ தடத்தின் வலது பக்கத்தில் ஒரு மரத்தண்டின் மேல் உட்கார்ந்திருந்தான், ஆரஞ்சுத் தட்டு மடியில் இருந்தது. எவ்வளவு நேரமாக உட்கார்ந்திருக்கிறான். "கெடச்சிருச்சா?" "அப்பவே." "ஏன்டா சொல்லல?" "நீ எவ்ளோ நேரம் அங்க தேடறேன்னு பாத்தேன்." கௌகோ தட்டின் விளிம்பிலிருந்த மண்ணைத் தொடையில் துடைத்தான். "நான் இப்ப இடதுகைடா. இடதுகைக்கு வலது பக்கம்தான் சாயும். அது உனக்குத் தெரியாதா?" தெரியும். எல்லோருக்கும் தெரியும், முதல் நாள் எறிகிற பிள்ளைக்கும் தெரியும். இல்போ சரிவில் ஏறி வந்தான், ஒரு கையை நீட்டினால் கௌகோ தூக்கிவிடுவான், நீட்டவில்லை, எந்தக் கையை நீட்டுவது, எந்தக் கையைப் பிடிப்பது. அரை வருஷமாக இவனுக்கு என்ன வேண்டும் என்று யோசித்ததெல்லாம் அந்தப் பழைய கௌகோவை வைத்துத்தானா, அவன் விழுந்த பக்கம் ஒருநாளும் பார்க்கவில்லையா... சீ, ஒரு தட்டைத் தேடியதற்கு இவ்வளவா.

பதினைந்தாவது தடத்தில் அது நடந்தது. மேட்டிலிருந்து ஏரிப்பக்கம் இறங்குகிற தடம், கௌகோ மேடையில் நின்று வெகுநேரம் எறியவில்லை, முதல் தடவையாக வலது கையைப் பையிலிருந்து எடுத்தான், உடம்பு நிலைகொள்ள அது வெளியே வேண்டியிருந்தது போல, விரித்துப் பின்னால் பிடித்துக்கொண்டான், இளஞ்சிவப்பான புதுத்தோல், அந்த இரண்டு விரல், இல்போ கண்ணை ஏரிக்குத் திருப்பிவிட்டு மறுபடி திருப்பிக்கொண்டான், இடுப்பு சுழன்றது, தட்டு போயிற்று, தாழப் போயிற்று, பிறகு எழும்பியது, தண்ணீருக்கு மேல் போகிற பறவை மாதிரி அவசரமில்லாமல் போய், கடைசியில் வலது பக்கம் சாய்ந்து, கூடைக்கு அருகில் புல்லில் இறங்கியது. "ம்," என்றான் கௌகோ, பிறகு மறுபடி, "ம்." இல்போவுக்குச் சந்தோஷமாக இருந்தது, உண்மையாகவே சந்தோஷம், கத்தியிருக்கலாம், அந்தச் சந்தோஷத்துக்கு அடியில், அதோடு ஒட்டிக்கொண்டு, இன்னொன்று இருந்தது, கை பழகிவிட்டது, அக்டோபருக்குள் லீவரும் வந்துவிடும், நாற்காலி வேண்டுமென்று கேட்பான், கேட்க நியாயமிருக்கிறது... இந்த எறி மரத்தில் அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்குமா? அப்படி நினைத்தானா? நினைத்தான். ஒரு கணம்தான், ஆனால் நினைத்தான், தோள் நினைத்ததா தான் நினைத்ததா என்று பிரித்துப் பார்க்க அலுப்பாக இருந்தது. பதினாறாவது தடத்தில் மரியாதை கௌகோவுக்கு வந்தது, நியாயமாகவே வந்தது, இல்போ ஒதுங்கி நின்று, ம், ஏறு என்றான், கௌகோ அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "இப்ப விட்டுக் குடுத்தியா?" என்றான். "இல்லடா." "சத்தியமா?" "உன் எறியத்தான் பாத்தேன்ல, அதுக்கு நான் என்னத்த விட்டுக் குடுக்கறது?" கௌகோ ஏறினான், அந்த முதுகு, எத்தனையோ மாதம் கழித்து அந்த முதுகு.

பதினேழாவது மேடைக்குப் பக்கத்தில் ஒரு பலகை இருக்கை, இல்போ உட்கார்ந்தான், சரி, இங்கேயே சொல்லிவிடலாம். "ஹெய்னி உன் நாற்காலிய எனக்குத் தரேங்கிறா." அவ்வளவுதான், நேற்றிலிருந்து தலைக்குள் எப்படியெப்படியோ ஒத்திகை பார்த்தது, கடைசியில் நாலைந்து சொல்லில் வந்து விழுந்துவிட்டது. கௌகோ புகையிலைப் பொட்டலத்தை நாக்கால் ஒதுக்கினான், விரலால் எடுத்துக் குப்பைத்தொட்டியில் போட்டான். "என்னைக்குள்ள சொல்லணும்?" "நாளைக்குக் காலைல." "நீ முடியாதுன்னா?" "வருஷக் கடைசி வரைக்கும் உனக்குக் காத்திருப்பாங்க." "மொதத் தடத்துலேருந்து இத வச்சுக்கிட்டுத்தான் மொனகிட்டு வந்தியா?" "ஆமா." "நான் தோள்னு நெனச்சேன்." "தோளும்தான்." கௌகோ பக்கத்தில் உட்கார்ந்தான், இருக்கை கிறீச்சிட்டது. ஏரியின் அக்கரையில் மில்லின் ஆவி வெள்ளையாக எழும்பிக்கொண்டிருந்தது, மாலை ஷிஃப்ட் ஓடுகிறது, கேபினில் தற்காலிகமாக வந்த பையன் உட்கார்ந்திருப்பான். "நான் முடியாதுன்னு சொல்லிடறேன்," என்றான் இல்போ, "அந்த ராத்திரிக்குப் பதிலா..." "அந்த ராத்திரிக்குப் பதிலா என்ன?" கௌகோ குரலை உயர்த்தவில்லை, ஆனால் முழுசாகத் திரும்பி உட்கார்ந்தான். "அத இதுல சேக்காத. விரல் போனது செயின்ல, கைய விட்டது நான், உன்கிட்ட விரல நான் கேக்கல. நீ எங்கிட்ட வாங்கினது ஒரு ஷிஃப்ட்டு. அக்டோபர்ல வேட்டைக்கு முந்தின ராத்திரி திருப்பித் தரேன்னு வாங்கின. நாற்காலிய விட்டுட்டு அதக் கழிச்சுக்கலாம்னு பாக்கறியா? நாற்காலி வேற, அது வேற." "துப்பாக்கியே பிடிக்க முடியாதேடா உன்னால." "காபி போட ஆள் வேணும்ல. கடமான் வரலன்னா மத்தவனத் திட்ட ஆள் வேணும்ல. நான் போவேன்." பிறகு எழுந்தான். "உக்காரு, உக்காராமப் போ, உன் தோளு. என்னக் கேக்காத. எனக்காகன்னு மட்டும் சொல்லாத. எறி, இருட்டுது."

பதினெட்டாவது கூடையில் சங்கிலி இரண்டு தடவை குலுங்கியது, முதலில் கௌகோ, பிறகு இல்போ, யார் ஜெயித்தது என்று இருவரும் கேட்கவில்லை. ஆட்டம் முடிந்ததும் தொப்பியைக் கழற்றிவிட்டுக் கை கொடுக்க வேண்டும், எவ்வளவு கோபமிருந்தாலும் கொடுக்காமல் போக முடியாது, கௌகோ இடது கையை நீட்டுவான் என்று நினைத்து இல்போவும் இடது கையைத் தயாராக வைத்திருந்தான், கௌகோ வலது கையை நீட்டினான். இல்போ அவசரமாக மாற்றிக்கொண்டான். கட்டைவிரலும் சுண்டுவிரலும் அவன் கையை இரண்டு பக்கமும் பிடித்தன, நடுவில் வழவழவென்று சூடாக இருந்தது, பிடி எதிர்பார்த்ததைவிடக் கெட்டி, அழுத்தியது முழங்கை வழியாகத் தோள்வரை ஏறியது, வலித்தது, கையை இழுக்கவில்லை. "உன் தொப்பில ரெண்டு மான் ஈ ஊருது," என்றான் இல்போ. "எட்டாவது தடத்துலேருந்து ஊருது," என்றான் கௌகோ, "நீ சொல்லுவேன்னு பாத்தேன்." தொப்பியை உதறிப் போட்டுக்கொண்டு சைக்கிளில் ஏறினான், இடது கையால் பிடியைப் பிடித்து, வலது கையின் பக்கவாட்டை மறு பிடியின்மேல் வைத்துக்கொண்டு, ஆடாமல் போனான்.

வண்டி நிறுத்துமிடத்தில் இல்போவின் கார் மட்டும். தட்டுப் பையைத் தூக்கி டிக்கியில் போடப் பார்த்தான், கை இடுப்புக்கு மேல் வரவில்லை, பையைத் தரையிலேயே விட்டுவிட்டுப் பம்பரில் உட்கார்ந்தான். நாளைக் காலை ஹெய்னி கதவைச் சாத்திவிட்டுக் கேட்பாள். சரி என்று சொன்னால் இந்தக் கை பிழைக்கும்... அக்டோபரில் வேட்டைக்கு முந்தின அந்த ராத்திரி கௌகோவுக்கு ஷிஃப்ட் இருக்காது, அதற்கடுத்த வருஷமும் இருக்காது, எந்த ராத்திரியும் அவன் பெயர் பட்டியலில் வராது, ஷிஃப்ட் இல்லாதவனுக்கு ஷிஃப்டை எப்படித் திருப்பித் தருவது? அதைத் தர வேண்டுமென்றால் கௌகோ அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்க வேண்டும், அவன் எழுந்து வேட்டைக்குப் போக வேண்டும், இல்போ வந்து அந்தச் சூட்டில் உட்கார வேண்டும். இது கௌகோவுக்கு முன்பே தெரிந்துதான் சொன்னானா, அல்லது வாயில் வந்ததைச் சொன்னானா, கேட்டால் சொல்லமாட்டான், கேட்காதே என்றுவிட்டான். மில்லின் சங்கு ஏரியைத் தாண்டிக் கேட்டது, மாலை ஷிஃப்டுக்குச் சாப்பாட்டு நேரம். இல்போ இடது கையால் பையின் வாரைப் பிடித்தான், தூக்கிப் பார்த்தான், கோணலாகத்தான் வந்தது, ஆனால் வந்தது. கௌகோவுக்கு அவன் தர வேண்டியது ஒரு இரவு ஷிஃப்ட், அது பாக்கி இருக்கிறது.